விளிம்பு தாண்டாத வெளிச்சம்

திருவொற்றியூர்
6 ஜனவரி 2025

ஃப்ரெடி அண்ணா,

போனில் பேச வழியில்லை. சின்ன வீடு. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாலும் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். உன் பெயரை இங்கே யாரும் சொல்லக் கூடாது. கல்லறைத் திருநாளன்று நீ எழுதிக் கொடுத்த சீட்டை ஃபாதர் வாசித்தாரே, இறந்தவர்களின் பெயர்களுக்கு நடுவில் தம்பியின் பெயரும். ஜெனிஷ் என்று கேட்டதும் அம்மா எழுந்து நின்றது உனக்கும் மறந்திருக்காது. "எம் புள்ள உயிரோட கீறான் ஃபாதர். அந்தப் பேர அடிங்க." அன்றிலிருந்து அவளுக்கு ஒரே மகன். கடலுக்குப் போனவன். இன்னும் திரும்பாதவன்.

அதனால் கடிதம். ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். பதிலையும் ஆபீஸ் முகவரிக்கே போடு.

நீ ஜெனிஷுக்குக் கொடுத்த பழைய ஜப்பான் கேமரா அலமாரியில் இருந்தது. உள்ளே பாதி முடிந்த ஃபிலிம். மீதியை நான் எடுத்தேன். வீட்டைத்தான் எடுத்தேன். ரொம்ப நாள் இருக்கப்போவதில்லை. அலையைத் தடுக்கக் கொட்டிய கற்களைக் கடல் சுற்றிக்கொண்டு வருகிறது. எதிர் வரிசை வீடுகள் இப்போது இல்லை. பக்கத்து வீட்டு முப்பிடாதி அக்காவின் சமையல்கட்டுக்குப் பின்னால் நேராகத் தண்ணீர். எங்களுக்குக் குடிசை மாற்று வாரிய வீடு ஒதுக்கியிருக்கிறார்கள், மூன்றாவது மாடியில். மார்ச் முடிவதற்குள் குடிபோகாவிட்டால் வேறு யாருக்காவது போய்விடும்.

அம்மா வரமாட்டேன் என்கிறாள். "அவன் வந்தா எந்த வூட்டுக்கு வருவான்? அட்ரஸ் மாத்திட்டம்னு கடல்ல எய்தி வெச்சுட்டு வரணுமா?"

படங்கள் கழுவி வந்தன. ஜெனிஷ் எடுத்தவை முதலில். துறைமுகக் கிரேன். எண்ணூர் ரோட்டில் நிற்கும் கன்டெய்னர் லாரிகள். காயும் வலை. என் முதுகு, எப்போது எடுத்தான் என்று தெரியவில்லை.

பிறகு நான் எடுத்தவை. முன்னறைப் படங்களில் மட்டும், இடப்பக்கம், அவன் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஒரு வெளிச்சம். செம்மஞ்சள். ஆள் உயரம். தலை என்று சொல்லக்கூடிய இடத்தில் கொஞ்சம் மங்கல்.

அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இளைச்சுப் பூட்டான்" என்றாள்.

இப்போது தினமும் எடுக்கச் சொல்கிறாள். நாற்காலியைத் துடைத்து வைக்கிறாள். நெகட்டிவை இதோடு வைத்திருக்கிறேன். ஃபிலிம் லேபில் வேலை செய்கிறவன் நீ. அண்ணா, இது கேமராக் கோளாறு என்று எழுது. அவள் நம்புகிற மாதிரி எழுது. இல்லாவிட்டால் அந்த நாற்காலியோடு அவளும் கடலுக்குள் போவாள். அவளை விட்டுவிட்டு என்னால் போக முடியாது.

எனக்கும் சேர்த்து எழுது. நான் அந்த நாற்காலியில் உட்காருவதை நிறுத்திவிட்டேன்.

ஃப்ளோரா


கொச்சி
14 ஜனவரி 2025

ஃப்ளோரா,

நெகட்டிவை அனுப்பியது நல்ல வேலை. ஸ்கேனை மட்டும் வாட்ஸ்அப்பில் தட்டியிருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. லேபில் ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் ஸ்கேன் செய்வார்கள். சாட்சி எல்லாம் ஓரத்தில்தான் இருக்கும்.

உங்கள் ஆவி ஓரத்தைத் தாண்டி வழிந்திருக்கிறது. இதோடு திருப்பி அனுப்பும் நெகட்டிவை ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்துப் பார். படத்தின் சட்டம் முடிந்த பிறகும் அந்தக் கறை, ஃபிலிமின் ஓரத்துத் துளைகள் வரை போகிறது. லென்ஸ் வழியாக வருகிற எதுவும் அப்படிப் போகாது. சட்டத்துக்குள் நின்றுவிடும். இது பின்கதவு வழியாக வந்தது. பின்னாலிருந்து ஃபிலிமின் முதுகில் படுகிற வெளிச்சம் செம்மஞ்சளாகத்தான் விழும். கதவின் கீல் கேமராவுக்கு வலப்பக்கம். ஆனால் கேமராவுக்குள் இடம் வலமாகும், மேல் கீழாகும். அதனால் படத்தில் இடப்பக்கம். அங்கே நாற்காலி இருந்தது. வேறொன்றுமில்லை.

முன்னறையில் மட்டும் ஏன்? படம் எடுத்ததும் ஃபிலிமைச் சுற்றாமல், கேமராவை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போவாய். உன்னைத் தெரியாதா. அத்தனை நேரமும் வெயில் கீல் வழியாகச் சொட்டிக்கொண்டிருக்கும்.

பின்கதவைத் திற. கதவு பொருந்தும் பள்ளத்தில் தார் மாதிரி கருப்புப் பிசுக்கு இருக்கும். ஒரு காலத்தில் அது பஞ்சு. பல்குச்சியும் ஸ்பிரிட்டும் போதும், முழுக்கச் சுரண்டி எடு. பிறகு பள்ளம் நெடுகக் கருப்புக் கம்பளி நூலை வைத்து அழுத்து. நடுவில் இருக்கும் ஷட்டர் திரையில் மட்டும் விரல் படக் கூடாது.

அம்மா நம்புகிற மாதிரி எழுத எனக்குத் தெரியாது. ஜெனிஷ் போன போட்டைப் பழவேற்காட்டுக் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தபோது நானும்தான் போய்ப் பார்த்தேன். கூடப் போனவர்கள் கரையேறினார்கள். இவன் இல்லை. அவனுக்காக ஒரு பூசை வேண்டாமா? நான் சீட்டு எழுதியதில் எனக்கு வருத்தமில்லை.

சமையல்கட்டு வரை தண்ணீர் என்று எழுதியிருக்கிறாய். ஏன் அதை இரண்டு வரியில் முடித்துவிட்டாய்?

ஃப்ரெடி


திருவொற்றியூர்
3 பிப்ரவரி 2025

அண்ணா,

உன் கடிதத்தை அம்மா என் பையில் கண்டுபிடித்துவிட்டாள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் உன் கையெழுத்து தெரிகிறது. கிழிப்பாள் என்று நினைத்தேன்.

"படி" என்றாள்.

"யார் எழுதினதுன்னு..."

"எவன் எய்தனா இன்னா. படிடி."

படித்தேன். முகத்தை அடுப்புப் பக்கம் வைத்துக்கொண்டு கேட்டாள். 'உங்கள் ஆவி' என்ற இடத்தில் மட்டும் கரண்டி நின்றது. "கேமராவ பத்தி மட்டும் படி. மத்தத வுடு" என்றாள். மற்றதையும் படித்த பிறகுதான் அப்படிச் சொன்னாள்.

கதவைச் சுரண்டினேன். நீ சொன்ன பிசுக்கு நகத்துக்குள் போய் இன்னும் வரவில்லை. அம்மா பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

"இன்னாத்துக்கு அத்த நோண்டிகினு கீற? அவனுக்கு வலிக்கப் போவுது."

"கேமராம்மா அது."

"அவன் கழுத்துல தொங்குனதுதான அது?"

கம்பளி நூல் கிடைக்கவில்லை. ஆபீசில் கூட வேலை செய்யும் ஜன்னத்திடம் கேட்டேன். "மெட்ராஸ்ல கம்பளியா? உனுக்கு இன்னாடி ஆச்சு, குளுருதா?" என்று ஃபேனை நிறுத்தப் போனாள். வீட்டில் ஜெனிஷின் வலைநூல் உருண்டை இருந்தது. கருப்பு. மெல்லிசு. பள்ளத்துக்கு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. அம்மாதான் நுனியைப் பல்லால் கடித்து அறுத்துக் கொடுத்தாள்.

வெளிச்சம் போகவில்லை அண்ணா. கூடிவிட்டது.

முன்பு மங்கலாக இருந்தது இப்போது கோடு போட்டது போல் நிற்கிறது. நாற்காலியை விட்டு எழுந்து, நிமிர்ந்து. ஜன்னல் கட்டையில் வைக்கவில்லை, சத்தியமாக. எடுத்தவுடன் மூடி வைத்தேன்.

அம்மா சிரித்தாள். ஜெனிஷ் கடலுக்குப் போன ஜூன் மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் சிரிக்கிறாள். "அவன் நூலு. அவனுக்குத் தெரியாதா அவன் நூலு எதுன்னு?"

விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. முப்பிடாதி அக்கா எண்ணெய் வைத்துத் தலைவாரிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "என்னிய ஒண்ணு எடு. எங்கூட்டுக்காரு பக்கத்துல வந்து நிக்கிறாரா பாக்கறேன்."

"அவர் குடிச்சுட்டு மாதவரத்துல கீறாருக்கா. உயிரோட."

"அங்க அந்தப் பொம்பள பக்கத்துல நிக்கிறாரான்னு தெரிஞ்சுதுன்னா நல்லாருக்கும்."

எல்லாரும் சிரித்தோம். கழுவி வந்த படத்தில் அக்காவின் தோளை ஒட்டி அந்த வெளிச்சம். அவள் திரும்ப எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போகிறாள்.

நெகட்டிவ் இதோடு. ஓரத்தைப் பார்த்துச் சொல்.

நான் இருமினால் அம்மா "யாரு?" என்று கேட்கிறாள். நான் என்று தெரிந்த பிறகு அவள் முகம் மாறுகிறது.

ஃப்ளோரா


கொச்சி
9 பிப்ரவரி 2025

ஃப்ளோரா,

கம்பளி நூல் என்று எழுதினேன். நீங்கள் இரண்டு பேரும் வலைநூலை வைத்திருக்கிறீர்கள். நம் வீட்டைத் தவிர வேறு எங்கும் இது நடக்காது. கம்பளியில் ஆயிரம் மயிர், வெளிச்சம் அதில் சிக்கிச் செத்துவிடும். உங்கள் நூல் நைலான். பார்க்கத்தான் கருப்பு. ஒரு முனையை வெயிலில் காட்டு, மறுமுனையைப் பார். உள்ளே கண்ணாடிக் குழாய் மாதிரி. வெளியே இருக்கும் வெளிச்சத்தை இஸ்துக்கொண்டு வந்து உள்ளே ஊற்றும். ஓட்டையை அடைக்கிறேன் என்று வடிகால் கட்டியிருக்கிறீர்கள். கோடு போட்டது போல் நின்றது அதனால்தான். அது நூலின் கோடு. இதுவும் துளைகள் வரை வழிந்திருக்கிறது, இதுவும் செம்மஞ்சள்.

என் பழைய ஸ்வெட்டரைப் பிரித்துக் கொஞ்சம் கருப்பு நூல் வைத்திருக்கிறேன். இதைப் போடு.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தால்: அம்மா, கதவு சரியாக மூடினால் இது நின்றுவிடும். ஒரே ஒரு விதி. ஓரம் தாண்டினால் பெட்டியின் ஓட்டை. ஓரத்தில் நின்றால்தான் கேமரா பார்த்தது. வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

ஃப்ரெடி

இந்தத் தாள் உனக்கு மட்டும். படித்துக் காட்டாதே.

அதே சுருளில் ஒரு வாசல் படம் இருக்கிறது. வெளியே கல் மேல் நின்று வீட்டைப் பார்த்து எடுத்தது. கதவு பாதி திறந்திருக்கிறது. படியில் நிற்பது யார்? ஒரு வெள்ளை. செம்மஞ்சள் இல்லை. லூப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், துளைகளில் ஒன்றும் இல்லை. சட்டத்தின் கோட்டில் கத்தரித்தது போல் நிற்கிறது. லாரி விளக்கு எதுவும் அடித்திருக்கலாம். யாராவது எவர்சில்வர் குடத்தோடு நின்றிருக்கலாம்.

அந்தப் படி மட்டும் ஈரமாகத் தெரிகிறது. மற்ற இடம் காய்ந்திருக்கிறது.


திருவொற்றியூர்
27 பிப்ரவரி 2025

அண்ணா,

நின்றுவிட்டது. உன் ஸ்வெட்டர் நூல் வேலை செய்தது. ஒரு சுருள் முழுக்க முன்னறை. ஜன்னல், பாய், கர்த்தர் படம், நாற்காலி. எல்லாம் அதது அங்கங்கே. நாற்காலி வெறும் நாற்காலி.

படங்களை அம்மாவிடம் கொடுத்தேன். பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். ஒவ்வொன்றையும் பார்த்தாள். பின்பக்கம் திருப்பியும் பார்த்தாள். பிறகு அடுக்கி என் மடியில் வைத்தாள்.

"நீயும் அவனும் சேந்து புள்ளைய வெளிய வெச்சு கதவ சாத்திட்டீங்க."

"அம்மா..."

"இத்தினி நாளு ஏதோ சந்துல பூந்து வந்துகினு இருந்தான். அதையும் அடைச்சிட்டீங்க. நூலு வெச்சு அடைச்சிட்டீங்க."

கத்தினால் தாங்கிக்கொள்வேன். வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். சோறு கொண்டுபோய் வைத்தால் பாதியை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடுகிறாள். மழைக்கும் உள்ளே வரவில்லை.

முப்பிடாதி அக்காவின் சமையல்கட்டு விழுந்துவிட்டது. பகலில்தான். சத்தம் பெரிதாக இல்லை. சுவர் மெதுவாக உட்கார்ந்தது, முட்டி வலிக்கிற ஆள் உட்காருகிற மாதிரி. அவர்கள் மறுநாளே சாமான் ஏற்றிவிட்டார்கள். இந்த வரிசையில் இப்போது நாங்கள் மட்டும். நமக்கும் தண்ணீருக்கும் நடுவில் அவர்கள் வீட்டுத் தரை, அதில் பதித்த நீலக் கல். அலை அதைக் கழுவிக்கொண்டே இருக்கிறது.

வாசல் படத்தைப் பற்றி நீ கேட்டதற்குப் பதில். யாரும் இல்லை. அம்மா உள்ளே படுத்திருந்தாள். அக்கா தண்ணீர் லாரிக்குப் போயிருந்தாள். வெயில் வீட்டுக்குப் பின்னால், மேற்கே. லாரி போகிற ரோடும் அந்தப் பக்கம்தான். அன்று அலை படி வரை வரவில்லை. வாசலை நான் மறுபடி எடுக்கவில்லை.

அந்த நெகட்டிவை நீ திருப்பி அனுப்பியதிலிருந்து தனிக் கவரில், துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இப்போது நான் கேட்பது வேறு. கசிவை எப்படி நிறுத்துவது என்று சொல்லிக் கொடுத்தாய். எப்படி உண்டாக்குவது என்று சொல். நான் நினைக்கிற இடத்தில், நான் நினைக்கிற உயரத்தில். வாரிய வீட்டின் சாவி கையில் இருக்கிறது. அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு எடுத்துவந்து, பார், அவன் நமக்கு முன்னாடியே அங்கே போய்விட்டான் என்று காட்டுவேன். வருவாள். அதற்காக மட்டும்தான் வருவாள்.

பாவம் என்று எழுதாதே. எனக்குத் தெரியும்.

ஃப்ளோரா


கொச்சி
5 மார்ச் 2025

ஃப்ளோரா,

இன்று சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காலையில் பூசைக்குப் போய்விட்டு நேராக லேபுக்கு வந்தேன்.

முடியாது என்று ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துவிட்டேன். விழுந்த சுவரைப் பற்றி நீ எழுதியிருந்ததைத் திரும்பப் படித்தேன்.

கேட்டுக்கொள். கீல் பக்கத்து நூலில் நடுவிலிருந்து ஒரு விரல்கடை அளவுக்கு மட்டும் எடு. முழுவதும் எடுத்தால் படமே எரிந்துவிடும். நாற்காலி படத்தின் இடப்பக்கம் வருகிற மாதிரி நின்று எடு. எடுத்ததும் சுற்றாதே. கீல் பக்கம் ஜன்னலைப் பார்க்கும்படி கேமராவை வெயிலில் வை. ஒரு டீ குடிக்கிற நேரம். நிறைய வைத்தால் ஆள் பருத்துவிடுவான். அம்மா இளைத்துவிட்டான் என்று சொன்னாளே, அந்த அளவுக்குப் போதும். உயரம் தெரிய வேண்டுமானால் நூல் எடுத்த இடத்தில் கீழ்ப்பாதியை ஒரு துண்டுக் கருப்பு டேப்பால் ஒட்டு. உள்ளே தலைகீழ் என்பதை மறக்காதே. மேலே ஒட்டினால் கீழே மறையும். அவனுக்குக் கால் இருக்காது.

இதை எழுதும்போது என் கை எனக்குப் பிடிக்கவில்லை. தம்பியை ஒரு விரல்கடையாக அளந்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வாசல் படத்தைப் பற்றி. ஷட்டர் திரையில் ஓட்டை என்றால் அடுத்தடுத்த படங்களிலும் அதே இடத்தில் புள்ளி விழ வேண்டும். விழவில்லை. லென்ஸில் வெயில் பட்டது என்றால் வெயில் வீட்டுக்குப் பின்னால் மறைந்திருந்தது. கழுவும்போது கறை என்றால் அதற்கு விளிம்பு இப்படி இருக்காது. நெகட்டிவை அனுப்புவதற்கு முன் எடுத்து வைத்த ஸ்கேனை இங்கே என்னோடு வேலை செய்கிறவனிடம் ஒன்றும் சொல்லாமல் காட்டினேன். "யாரோ சட்டையைப் பிழிஞ்சுட்டு நிக்கிறாங்க" என்றான்.

அதை விட்டுவிடு. துணிக்கு அடியிலேயே இருக்கட்டும்.

அம்மா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா?

ஃப்ரெடி


28 மார்ச் 2025

அண்ணா,

மேலே ஊர் பெயர் எழுதவில்லை. இந்த இடத்துக்கு என்ன பெயர் சொல்வது என்று இன்னும் பழகவில்லை. மூன்றாவது மாடி. குழாயில் தண்ணீர் வருகிறது. கடல் சத்தம் கேட்கவில்லை, அதனால் தூக்கம் வரவில்லை.

நீ சொன்னபடியே செய்தேன். காலி வீடு, சுண்ணாம்பு வாசனை, கடன் வாங்கிய ஒரு நாற்காலி. டீ குடித்தேன். நீ சொன்னபடியே வந்தது. நாற்காலியின் மேல், ஆள் உயரம், கொஞ்சம் இளைத்து. பார்த்ததும் எனக்கே அழுகை வந்தது. நானே செய்தது.

அம்மா படியில் உட்கார்ந்திருந்தாள். படத்தைக் கொடுத்தேன். பார்க்கவில்லை.

"கண்ணாடி மாரி இருக்குமே அந்த சுருளு, அத்த குடு."

கொடுத்தேன். வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். நீ அவளுக்கு எழுதியதை நான் ஒரே ஒரு தடவைதான் படித்துக் காட்டியிருக்கிறேன். ஓரத்தைப் பார்த்தாள். துளைகளை நகத்தால் தொட்டாள்.

"இது பொட்டி ஓட்ட. ஓரம் வரிக்கும் வய்ஞ்சு கீது பாரு. நீ பண்ணியா, அவன் பண்ணானா?"

"ரெண்டு பேரும்."

"சோக்காத்தான் பண்ணிக்கிறீங்க." கோபமே இல்லை. "அப்போ இது?"

இடுப்பிலிருந்து ஒரு கவரை எடுத்தாள். துணிக்கு அடியில் நான் வைத்த கவர். எப்போது எடுத்தாள் என்று தெரியாது. வாசல் படத்தின் நெகட்டிவ். அதில் வெள்ளை கருப்பாகத் தெரியும். படியில் ஒரு கருப்பு ஆள். அவள் உட்கார்ந்திருந்த அதே படி.

"இது ஓரத்துல நின்னுட்ச்சு. அப்போ கேமரா பாத்துச்சு. அவன்தான் சொன்னான், ஃப்ரெடி." எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயர்.

நானும் அந்த நெகட்டிவை எட்டிப் பார்த்தேன்.

"உள்ள வர்லடி. இத்தினி நாளும் உள்ள வந்துகினு கீறான்னு நாற்காலிய தொடச்சிகினு இருந்தேன். அது ஓட்ட. இவன் இங்க நிக்கிறான். நனைஞ்சு நிக்கிறான்." படியைத் தடவினாள். "நான் உள்ள இருக்கற வரிக்கும் இவன் இங்கயே நிப்பான். ஆத்தா கூப்புட்டுகினே இருந்தா புள்ள எப்படிப் போவான்?"

அப்படியே எழுந்தாள். உள்ளே போய்ப் பாத்திரங்களை அடுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் குட்டியானை வண்டி ஒன்று பேசினேன். கிளம்பும்போது கதவைப் பூட்டப் போனேன். "சாத்தாத. தொறந்து கெடக்கட்டும்." வண்டியில் ஏறுவதற்கு முன் கேமராவைக் கேட்டாள். நான் நூல் எடுத்த இடத்தை விரலால் தேடினாள். உன் ஸ்வெட்டர் நூல் மிச்சம் இருந்தது. வலைக்கு ஓட்டை அடைக்கிற மாதிரி, நனைத்து, முறுக்கி, பள்ளத்தில் வைத்து நகத்தால் அழுத்தினாள். என்னைவிட நன்றாக. பிறகுதான் புது ஃபிலிம் போட விட்டாள். வீட்டை எடுத்தேன். வண்டியில் அவள் உட்கார்ந்த பிறகு அவளையும் எடுத்தேன்.

கேமராவை ஃபிலிமோடு உனக்கு அனுப்பச் சொன்னாள். "அவன் குடுத்த கேமராதான. அவனே கழுவட்டும்." அதுதான் இந்தப் பார்சல்.

இன்னொன்றும் சொன்னாள். அப்படியே எழுதுகிறேன். "குருத்து ஞாயிறு பூசைக்கு ஜெனிஷ் பேரு எய்திக் குடுக்கச் சொல்லு. இந்த தபா நான் எய்ந்து நிக்க மாட்டேன்."

நாங்கள் கிளம்பி வந்த மூன்றாம் நாள் அந்த வரிசை முழுக்க விழுந்துவிட்டது என்று முப்பிடாதி அக்கா போன் செய்தாள். அம்மாவிடம் சொன்னேன். "கதவு தொறந்துதான இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

ஃப்ளோரா


கொச்சி
7 ஏப்ரல் 2025

ஃப்ளோரா,

ஃபிலிமை எடுத்த பிறகு கேமராவை இருட்டறைக்குக் கொண்டுபோனேன். சின்ன டார்ச்சை எரியவிட்டு உள்ளே வைத்துப் பின்கதவை மூடினேன். கண் இருட்டுக்குப் பழகும் வரை நின்றேன். கீல், தாழ், கதவின் நான்கு பக்கம். ஊசிமுனை வெளிச்சம்கூட வெளியே வரவில்லை. அம்மா அடைத்தது போல இந்த லேபில் ஒருவனுக்கும் அடைக்கத் தெரியாது. ஷட்டர் திரையை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். அதுவும் சுத்தம். இந்தக் கேமராவில் கசிவு இல்லை. யார் கேட்டாலும் கையெழுத்துப் போட்டுத் தருவேன்.

பிறகுதான் ஃபிலிமைக் கழுவினேன்.

வீடு நன்றாக வந்திருக்கிறது. திறந்த கதவு, உள்ளே இருட்டு. படி காய்ந்திருக்கிறது. படியில் யாரும் இல்லை. அம்மா சொன்னது நடந்துவிட்டது என்று நினைத்தேன். அவன் போய்விட்டான். கழுவுகிற தொட்டிக்கு முன்னால் நின்று அவனுக்காகக் கொஞ்சம் ஜெபித்தேன்.

அடுத்த படம் வண்டி. கட்டில் சட்டம், குடம், பாய்ச்சுருள். அம்மா பின்பக்கப் பலகையில் உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவு இடம் இருந்தும் ஒரு ஓரமாக ஒடுங்கி. முந்தானையை விரித்துப் பக்கத்தில் பிடித்திருக்கிறாள், ஈரத்தலையைத் துவட்டக் கொடுக்கிற மாதிரி.

அந்தப் பக்கத்தில் வெள்ளை. அவள் தோளுக்குக் கொஞ்சம் மேலே வரை. முந்தானையின் நுனி அதற்குள் போய் மறைகிறது.

ஓரத்தைப் பார்த்தேன். துளைகளைப் பார்த்தேன். லூப்பை மாற்றிப் பார்த்தேன். சட்டத்தில் நிற்கிறது, ஃப்ளோரா. தாண்டவில்லை.

பூசைச் சீட்டு மேசையில் இருக்கிறது. 'இறந்தவர்களுக்காக' என்று அச்சடித்த வரிக்குக் கீழே பேனாவை வைத்தேன். எழுத வரவில்லை. போன முறை அவளைக் கேட்காமல் எழுதினேன். இந்த முறை படத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் சொன்னால் எழுதுகிறேன். அவனுக்கு எது வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரிகிறது. பூசையா, இடமா.

சனிக்கிழமை காலை சென்ட்ரலில் இறங்குவேன். நெகட்டிவைத் தபாலில் போடவில்லை, சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவருகிறேன். அதுவரை ஒன்றும் காட்டிக்கொள்ளாதே. வண்டியில் யாருக்காக நகர்ந்து உட்கார்ந்தாய் என்று அம்மாவைக் கேட்டுவிடாதே.

நான் வந்து கேட்கிறேன்.

ஃப்ரெடி